வளர்வதற்கு ஓர் எரிபொருள், பரவுவதற்கு வேறொன்று

மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மார்பகத்தில் முதலில் தோன்றிய கட்டி காரணமன்று. அந்தக் கட்டியிலிருந்து பிரிந்து போய் எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் மூளையிலும் குடியேறிய செல்கள் அங்கங்கே வளர்க்கும் புதிய கட்டிகளே அவ்வுறுப்புகளைச் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கின்றன. 2022ஆம் ஆண்டில் உலக அளவில் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும் 6,70,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் மட்டும் அவ்வாண்டின் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 1,92,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். மார்பகத்தோடு நின்றுவிட்ட கட்டியை அறுவைச் சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் அகற்றிவிட முடிகிறது என்பதால், இம்மரணங்களைக் குறைக்க வேண்டுமானால் பரவல் எப்படி நிகழ்கிறது என்பதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த விளக்கத்தை நெடுங்காலம் மரபணுக்களிலேயே தேடிவந்த அறிவியல், அண்மைக் காலத்தில் மிக எளிய ஒரு கேள்விக்குத் திரும்பியிருக்கிறது: இடம்பெயரும் செல் எதைத் தின்று உயிர் வாழ்கிறது?

உணவுப் பொருள்களை உடைத்து ஆற்றல் பெறுவதும், உடைந்த துண்டுகளைக் கொண்டு புரதம், கொழுப்பு, டிஎன்ஏ முதலியவற்றைக் கட்டுவதுமாகிய வேதிவினைகளின் மொத்தத் தொகுதிக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ் முதலில் பைருவேட் என்னும் சிறிய மூலக்கூறாக உடைகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைக்கும் ஏடிபி மூலக்கூறுகள், அதாவது செல் தன் எல்லா வேலைகளுக்கும் செலவிடும் ஆற்றல் நாணயங்கள், இரண்டே இரண்டு. பைருவேட் அதன்பின் மைட்டோகாண்ட்ரியா என்னும் உள்ளுறுப்புக்குள் சென்று ஆக்சிஜனின் துணையோடு முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ முப்பது ஏடிபி கிடைக்கும். ஆக்சிஜன் போதாதபோது, கடுமையாக உழைக்கும் தசையில் நேர்வதுபோல், பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்லாமல் லாக்டிக் அமிலமாக மாறி வெளியேறிவிடுகிறது.

1920களில் பெர்லினில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க், விலங்குகளின் கட்டிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, அவை உட்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளியிடும் அமிலத்தையும் அளந்தபோது, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் நிலையிலும் புற்றுச் செல்கள் குளுக்கோஸைப் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியேற்றுவதைக் கண்டார். முப்பது கிடைக்கும் இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் இந்த வழக்கம் வீண் செலவாகத் தோன்றியதால், புற்றுச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டிருக்க வேண்டும் என்றும் அந்தப் பழுதே புற்றுநோயின் மூலகாரணம் என்றும் அவர் முடிவுசெய்தார். செல் சுவாச நொதி பற்றிய ஆய்வுக்காக 1931ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற அவர், 1970இல் இறக்கும்வரை அந்தக் கருத்திலிருந்து விலகவில்லை. அவர் கண்ட காட்சி உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் பிழை. பெரும்பாலான புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது, புதிய செல்லைக் கட்டுவதற்கான கார்பன் துண்டுகளும் வேண்டும் என்பதால், குளுக்கோஸை முழுவதும் எரித்துக் கரியமில வாயுவாக்கி விடாமல் பாதி வழியில் பிற பணிகளுக்குத் திருப்பிவிடுவது அதற்கு ஆதாயமாகவே அமைகிறது. வெளியேறும் லாக்டிக் அமிலமும் வீணாவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள இடத்தை அமிலத்தன்மையுள்ளதாக்கி, நோய் எதிர்ப்புச் செல்களை முடக்கி, அண்டைத் திசுக்களைக் கரைத்து ஊடுருவ வழி செய்கிறது.

இந்தக் குளுக்கோஸ் பசியே பெட் ஸ்கேனின் அடிப்படை. கதிரியக்க ஃபுளூரின் இணைக்கப்பட்ட குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை இரத்தத்தில் செலுத்தினால், அதைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும் இடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை மருத்துவர்கள் அதைக் கொண்டு அறிகிறார்கள். ஆனால் இதிலிருந்து மக்களிடையே பரவிய ஒரு முடிவு, அதாவது சர்க்கரையை அறவே நிறுத்திவிட்டால் புற்றுநோய் பட்டினியால் அழிந்துவிடும் என்பது, உண்மைக்குப் பொருந்தாதது. உணவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கல்லீரல் அமினோ அமிலங்களிலிருந்தும் பிற பொருள்களிலிருந்தும் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் அதன் அளவைக் காத்துவருகிறது. அதனால் பட்டினி கிடப்பது நோயாளியின் தசைகளே தவிர, கட்டி அன்று. அதைவிட முக்கியமான காரணம், பரவும் செல் குளுக்கோஸை மட்டுமே நம்பி வாழ்வதில்லை என்பது.

பரவல் என்பது ஒரே நிகழ்ச்சி அன்று. செல் தன் கூட்டத்திலிருந்து கழன்று, சுற்றுத் திசுவைத் துளைத்து, இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ புகுந்து, ஓட்டத்தில் உயிரோடு மிதந்து, வேறோர் உறுப்பில் வெளியேறி, அந்நியமான சூழலில் வேரூன்ற வேண்டும். விலங்குச் சோதனைகளின் மதிப்பீட்டின்படி இரத்தத்தில் புகும் புற்றுச் செல்களில் பத்தாயிரத்தில் ஒன்று வெற்றி பெற்றாலே அதிகம். 1889ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து, கல்லீரலில் அடிக்கடி காணப்படும் பரவல் கட்டி, இரத்த ஓட்டத்தில் குறைவில்லாத மண்ணீரலில் மிக அரிதாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். விதை எல்லாத் திசையிலும் சென்றாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கூறிய விளக்கம். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் அளவில் சொல்ல அடுத்த நூறாண்டுகளில் யாராலும் இயலவில்லை. இப்போது அதற்கான விடைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்து வருகின்றன.

முதல் ஆபத்து, கழன்ற கணத்திலேயே நேர்கிறது. மார்பகத்தின் பால் நாளங்களை உள்வரியிட்டிருக்கும் செல்கள் தம்மைத் தாங்கும் புரத வலையோடு ஒட்டியிருக்கும்வரை உயிர் வாழும்; பிடி விட்டால் தாமாகவே மடிந்துவிடும். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பிடி விட்ட செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைவது குறைந்து, ஏடிபி வற்றி, செல்லின் உறுப்புகளைத் தாக்கக்கூடிய வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதைக் காட்டியது. ஹெர்-2 என்னும் ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகியுள்ள செல்களோ, பிடி விட்ட பின்னும் குளுக்கோஸை உள்ளிழுத்து, அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருளையும் அதிலிருந்தே தயாரித்துக்கொண்டு தப்பின. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஹெர்-2 மிகுந்த வகையைச் சேர்ந்தவை; அவை வேகமாகப் பரவுவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாகலாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட்களை, வெளியிலிருந்து சேர்த்தபோதும் பிடி விட்ட செல்கள் பிழைத்தன. உடலுக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தப்படும் இம்மாத்திரைகளை மருத்துவரிடம் கேளாமல் சிகிச்சைக் காலத்தில் விழுங்குவது எவ்வளவு தூரம் சரி என்பதை இது யோசிக்க வைக்கிறது.

இரத்த ஓட்டத்தில் மிதக்கும் கட்டத்தில் செல்லின் போக்கு மீண்டும் மாறுகிறது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ரகு கல்லூரி என்னும் ஆய்வாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகக் கட்டி கொண்ட சுண்டெலிகளின் இரத்தத்திலிருந்து புற்றுச் செல்களைப் பிரித்தெடுத்து, கட்டியிலேயே தங்கிவிட்ட செல்களோடு ஒப்பிட்டார்கள். மிதக்கும் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகி, ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் வழி ஓங்கியிருந்தது. வார்பர்க் பழுதுபட்டதாகக் கருதிய அதே உறுப்பு, பயணத்துக்குரிய ஆற்றலைத் தந்துகொண்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் பெருக்கத்தைத் தூண்டும் பிஜிசி-1 ஆல்ஃபா என்னும் புரதத்தை அடக்கியபோது, மார்பகக் கட்டி முன்போலவே வளர்ந்தது. பரவல் மட்டும் குறைந்தது. இந்த முடிவு ஒரு தனிச் செய்தியாக நின்றுவிடவில்லை. வளர்ச்சிக்கும் பரவலுக்கும் தேவையான வேதிவினைகள் வெவ்வேறானவை என்பது பின்வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

அவற்றுள் நுரையீரல் பற்றியவை மிக நுணுக்கமானவை. பெல்ஜியத்தின் லூவன் நகரில் சாரா-மரியா ஃபென்ட் என்பவரின் ஆய்வகம், கார்பன்-13 என்னும் சற்றே கனமான, கதிரியக்கமற்ற கார்பனால் ஆன குளுக்கோஸை எலிகளுக்குக் கொடுத்து, அந்தக் கார்பன் எந்தெந்த மூலக்கூறுகளில் போய்ச் சேர்கிறது என்பதைப் பின்தொடர்ந்தது. மார்பகக் கட்டியில் பைருவேட் ஒரு வழியாகவும், அதே கட்டியிலிருந்து நுரையீரலுக்குச் சென்று வளர்ந்த கட்டியில் கூடுதலாக வேறொரு நொதியின் வழியாகவும் மைட்டோகாண்ட்ரியாவின் வினைச் சுழற்சிக்குள் நுழைவதை 2016இல் அவர்கள் கண்டார்கள். நுரையீரல் திசுவின் நீர்மத்தில் பைருவேட் இயல்பாகவே மிகுந்திருப்பதுதான் இதற்குத் தூண்டுதல். செல் அதே செல்தான். வந்து சேர்ந்த இடத்தில் எது கிடைத்ததோ அதை உண்ணக் கற்றுக்கொண்டது.

2019இல் அதே ஆய்வகம் இன்னும் வியப்பான ஒன்றை வெளியிட்டது. நுரையீரலில் இறங்கிய மார்பகப் புற்றுச் செல், பைருவேட்டை ஆற்றலுக்காக மட்டும் பயன்படுத்தவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் என்னும் மூலக்கூறைக் கூடுதலாக உண்டாக்கியது. அந்த மூலக்கூறு, கொலாஜன் என்னும் இழைப் புரதத்தை உறுதிப்படுத்தும் நொதிக்கு ஊக்கம் தந்தது. இந்த நொதி இயங்குவதற்கு வைட்டமின் சியும் தேவை. அந்த வைட்டமின் கிடைக்காதபோது கொலாஜன் உறுதி இழந்து ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருவது பலருக்கும் தெரிந்ததே. புற்றுச் செல் இந்த இயல்பான வினையைத் தனக்காக விரைவுபடுத்தி, தன்னைச் சுற்றி வலுவான கொலாஜன் வலையைக் கட்டிக்கொண்டு, மார்பகத்தில் விட்டுவந்த பிடிமானத்தை நுரையீரலில் மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறது. பைருவேட்டைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தைத் தடுத்தபோது சுண்டெலிகளில் கொலாஜன் வலையும் தளர்ந்தது, நுரையீரல் கட்டிகளின் வளர்ச்சியும் குன்றியது. பேஜட் சொன்ன விதை, தனக்கேற்ற மண்ணைத் தானே பக்குவப்படுத்திக்கொள்ளவும் செய்கிறது என்பதே இதன் பொருள்.

சில வேளைகளில் அந்தப் பக்குவம், செல் வந்து சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்திலிருந்து 2015இல் வெளியான ஆய்வின்படி, மார்பகப் புற்றுச் செல்கள் நுண்ணிய கொழுப்புப் பைகளில் ஒரு சிறு ஆர்என்ஏ துணுக்கை அடைத்து இரத்தத்தில் விடுகின்றன; நுரையீரலிலும் மூளையிலும் உள்ள இயல்பான செல்கள் அப்பைகளை உட்கொண்டதும், அவை குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளும் அளவு குறைகிறது. பின்னால் வரும் புற்றுச் செல்லுக்கு அங்கே குளுக்கோஸ் மிச்சமாகக் காத்திருக்கிறது.

அஸ்பராஜின் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானபோது உலகச் செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெற்றது; இடம்பெற்ற வேகத்திலேயே தவறாகவும் புரிந்துகொள்ளப்பட்டது. அஸ்பராஜின், புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்று. கேம்பிரிட்ஜில் கிரெகரி ஹானனும் அவரோடு பணியாற்றிய பல நாட்டு ஆய்வாளர்களும், இரத்தத்தில் புகுந்து பரவும் திறன் கூடிய மார்பகப் புற்றுச் செல்களை ஆராய்ந்து, அஸ்பராஜினைத் தயாரிக்கும் நொதி அத்திறனோடு நெருங்கிய தொடர்புடையது என்று கண்டார்கள். சுண்டெலிகளில் அந்த நொதியை அடக்கினாலும், இரத்தத்திலுள்ள அஸ்பராஜினை அழிக்கும் எல்-அஸ்பராஜினேஸ் என்னும் மருந்தைக் கொடுத்தாலும், உணவில் அஸ்பராஜினைக் குறைத்தாலும் பரவல் குறைந்தது. உணவில் அதைக் கூட்டியபோது பரவல் கூடியது. மார்பகக் கட்டியின் வளர்ச்சியோ இவற்றால் பெரிதாக மாறவில்லை. ஒட்டி வாழும் செல் உருமாறி நகரும் செல்லாக ஆவதற்குத் தேவையான புரதங்களில் அஸ்பராஜின் வழக்கத்தைவிட மிகுந்திருப்பதால், அது போதாதபோது அவ்வுருமாற்றம் தடைப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்-அஸ்பராஜினேஸ், குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாக வழங்கப்பட்டு வரும் மருந்து என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி, முழுத் தானியம் என ஏறக்குறைய எல்லாச் சத்துணவிலும் அஸ்பராஜின் இருக்கிறது. உடலும் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எனவே எலிகளுக்கு ஆய்வகத்தில் செய்த உணவு மாற்றத்தை மனிதர்கள் வீட்டில் செய்து பார்ப்பது, சிகிச்சையைத் தாங்க வேண்டிய உடலின் வலுவை இழப்பதில்தான் முடியும்.

மூளையின் நிலை இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலைக் காட்டுகிறது. அங்குள்ள நீர்மத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு என்பதால், மூளையில் வளர விரும்பும் புற்றுச் செல் அதைக் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்தாக வேண்டும். அதற்குரிய முதல் நொதி பிஹெச்ஜிடிஹெச். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த நொதியைத் தடுக்கும் பொருள், எலிகளின் மூளையில் பரவிய மார்பகப் புற்றைக் குறைத்தது. மூளையில் சில கொழுப்புகளும் அரிதாகக் கிடைப்பதால், ஹெர்-2 மிகுந்த செல்கள் அங்கே கொழுப்பமிலத்தையும் தாமே தயாரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றைக் கொண்டு பிஹெச்ஜிடிஹெச்சைத் தடுப்பது நல்லது என்று முடிவுசெய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2022இல் ஃபென்ட்டின் ஆய்வகம், மார்பகக் கட்டிக்குள் அதே நொதி குறைந்துள்ள செல்களே கூட்டத்தை விட்டுப் பிரிந்து பரவுகின்றன என்று காட்டியது: நொதி குறையும்போது குளுக்கோஸ் வேறு வழியில் திரும்பி, செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒட்டுப் புரதங்களின் மீது சர்க்கரைச் சங்கிலிகளாகப் பதிந்து, செல்லின் நகரும் திறனைக் கூட்டுகிறது. ஒரே நொதி, கட்டியை விட்டுக் கிளம்பும்போது குறைய வேண்டும். மூளையில் வளரும்போது கூட வேண்டும். ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்பது அது எந்தக் கட்டத்தில், எந்த உறுப்பில் செல்லைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது.

கல்லீரலில் குடியேறும் செல்கள், பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் விடாமல் தடுக்கும் நொதியைக் கூட்டிக்கொண்டு வார்பர்க் கண்ட பழைய வழக்கத்துக்கே திரும்புகின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2015இல் கண்டறியப்பட்டது. எலும்பில், புற்றுச் செல் வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தை எலும்பை அரிக்கும் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்வது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. பரவல் நோயாளிகளின் எலும்பு எளிதில் முறிவதற்கு அந்த அரிப்பே காரணம்.

இவ்வளவு அறிவும் நோயாளியின் படுக்கையருகே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நீரிழிவுக்குப் பல கோடிப் பேர் உட்கொள்ளும் மெட்ஃபார்மின், இன்சுலினைக் குறைத்தும் மைட்டோகாண்ட்ரியாவைச் சற்றுத் தடுத்தும் மார்பகப் புற்றுநோயின் மீள்வரவைக் குறைக்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. நீரிழிவு இல்லாத 3,649 நோயாளிகளைக் கொண்டு கனடாவின் தலைமையில் நடந்து, 2022இல் முடிவுகள் வெளியான பெரிய சோதனையில், ஐந்தாண்டுகள் அதைக் கொடுத்தும், மிக அதிகமாகக் காணப்படும் ஹார்மோன் ஏற்பி உள்ள வகையினரிடம் பயன் கிடைக்கவில்லை. இத்தகைய ஏமாற்றங்களுக்கு ஒரு காரணம், எல்லாக் கட்டங்களுக்கும் எல்லா வகைக் கட்டிகளுக்கும் ஒரே தடையைப் போட முயல்வது. மற்றொரு காரணம் சோதனை முறையிலேயே இருக்கிறது. பிஜிசி-1 ஆல்ஃபாவை அடக்கியபோதும் அஸ்பராஜினைக் குறைத்தபோதும் மார்பகக் கட்டி சுருங்கவில்லை, பரவல்தான் குறைந்தது. புதிய புற்றுநோய் மருந்துகளோ தொடக்கச் சோதனைகளில் கட்டியை எவ்வளவு சுருக்குகின்றன என்பதைக் கொண்டே பெரும்பாலும் எடைபோடப்படுகின்றன. அந்த அளவுகோலில், பரவலை மட்டும் தடுக்கும் மருந்து முதல் படியிலேயே தோற்றதாகக் கருதிக் கைவிடப்படும். பரவலைத் தடுக்கும் மருந்தை, பரவல் நிகழ்வதற்கு முன் கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருந்து அளக்கும் சோதனைகளுக்குச் செலவு அதிகம் என்பது உண்மையே. ஆனால் வேறு எந்த வழியிலும் அதன் பயனை அறிய முடியாது.

இத்தடைகளுக்கிடையிலும், வளர்சிதை மாற்றத்தோடு பின்னிப் பிணைந்த மருந்து ஒன்று மருத்துவமனைகளை எட்டிவிட்டது. இன்சுலினின் கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுசென்று, குளுக்கோஸை உள்ளிழுக்கவும் வளரவும் தூண்டும் பிஐ3கே என்னும் நொதியின் மரபணு, ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் மாறுதலுற்றிருக்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் ஆல்பெலிசிப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2019 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஹார்மோன் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, இம்மரபணு மாறுதல் உள்ள பரவல் நோயாளிகளுக்கு நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 5.7 மாதங்களிலிருந்து 11 மாதங்களாக உயர்ந்தது. ஆனால் இயல்பான செல்களிலும் இன்சுலினின் கட்டளையை இம்மருந்து தடுப்பதால், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இரத்தச் சர்க்கரை கடுமையாக உயர்ந்தது. உயரும் சர்க்கரையைக் கண்டு கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க, அந்த இன்சுலினே கட்டியில் பிஐ3கேயை மீண்டும் தூண்டி மருந்தின் வேலையைக் கெடுக்கிறது என்று, அந்த நொதியைக் கண்டறிந்த லூயிஸ் கான்ட்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோ உணவை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது இன்சுலின் தணிந்து மருந்தின் பயன் கூடியது. மருந்து இல்லாமல் அந்த உணவை மட்டும் கொடுத்தபோது, சோதித்த கட்டிகள் பலவற்றில் பெரிய மாற்றம் இல்லை. இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒரு சுண்டெலி வகையிலோ நோய் இன்னும் விரைவாக முற்றியது.